சாட்சி சொல்லப் போனவர்

1

மந்தாரக்குப்பத்து டீக்கடை ஒன்றில், தெருவில் போன ஒருவரைக் காட்டி, "டில்லி வரைக்கும் போய் வாயத் தொறக்காம வந்த ஆளு" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அது நெஞ்சில் கசந்தது, அதனால்தான் இந்தக் கதை. பெரியண்ணன் என்ற பெயர் நான் வைத்தது. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டை ஒட்டிக் கொடுக்கும், அவர் வேலை பார்க்கும் கம்பெனியும் நான் கட்டியதுதான், அங்கே போய்த் தேடாதீர்கள்.

2

"நெய்வேலியின் கரிய பள்ளத்தின் மேல் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். பெரியண்ணன் சூரியனைப் பார்த்து நிற்கிற ஆள் இல்லை.)

மறுபடி தொடங்குகிறேன். வருஷம் 2016. வருகிற சித்திரையோடு பெரியண்ணனுக்கு வேலை வயது முடிகிறது. காலமெல்லாம் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தவர், அதற்குள் பெர்மனன்ட் ஆகவேண்டும். ஒரே ஒரு ஷிப்டாவது அப்படிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

கம்பெனியே நேராக வேலை வாங்கியது என்று வழக்குப் போட்டார். கடலூர் லேபர் கோர்ட்டில் அவரைக் கூண்டில் ஏற்றி, ஒரு காலை முழுக்கக் கேட்டார்கள். ஜெயித்தார். கம்பெனி சென்னைக்குப் போனது. ஹைகோர்ட்டிலும் இவர் பக்கமே தீர்ப்பு, ஆனால் இவரை யாரும் கூப்பிடவில்லை. கம்பெனி டில்லிக்குப் போய் அந்தத் தீர்ப்புக்குத் தடை வாங்கியது.

(மாநிலத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று என்று இரண்டு கோர்ட்டு ஏணி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. நமக்கு ஒரே ஏணி. கடலூரில் கால் வைத்தால் உச்சிப்படி டில்லி.)

3

பெரியண்ணன் போட்ட கணக்கு இதுதான்: சின்ன கோர்ட்டே ஒரு காலை முழுக்கக் கேட்டது என்றால், பெரிய கோர்ட்டு எவ்வளவு கேட்கும்? வக்கீல் வரச்சொல்லவில்லை. இவராகவே, கூட வேலை பார்க்கும் சடையப்பனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறினார். வழியெல்லாம் ஒத்திகை. சடையப்பன் மேல் பெர்த்தில் உட்கார்ந்து ஜட்ஜ் ஆனார்.

"யாருகிட்டயா வேல செஞ்ச?"

"கம்பெனி சூப்பர்வைசரு சொல்லிக்கினு இருப்பாருங்க, நாங்க செஞ்சிக்கினு இருப்போங்க."

"தெகிரியமா சொல்லுயா. மென்னு முழுங்காத."

4

இந்த இடத்தில், நீதிபதி நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்து, "பெரியவரே, நீங்கள் சொல்லுங்கள்" என்று...

(அடித்துவிட்டேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அந்தக் கோர்ட்டில் அப்படி நடக்காது.)

நடந்தது இவ்வளவுதான். பாஸ் வாங்கி, தலை வாரி, பின்வரிசையில் நின்றார்கள். வழக்கு எண் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் நாலு வார்த்தை. அடுத்த எண். வராந்தாவில் வக்கீல் உமாராணிதான் விளக்கினார்.

"அப்பீலை எடுத்துக்கலாமா வேண்டாமான்னுதான் இன்னைக்குப் பார்த்தாங்கய்யா. எடுத்துக்கிட்டாங்க. தடை அப்படியே இருக்கும். விசாரணை முறைப்படி வரும், வருஷக்கணக்காகலாம்."

"சித்திரைக்குள்ள?"

உமாராணி கையிலிருந்த கேஸ் கட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்னைய எப்பம்மா கேப்பாங்க?"

"இங்க யாரையும் கூண்டுல ஏத்த மாட்டாங்கய்யா. கடலூர்ல நீங்க சொன்னது பேப்பர்ல இருக்கு, அதைத்தான் பார்ப்பாங்க."

"அப்ப இவன இட்டாந்தது?" என்று சடையப்பனைக் காட்டினார். இதை எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் சித்திரைக்கு முன்பே தீர்ப்பு வருகிறது. அது பொய். இன்னொன்றில் அவர் போன பிறகு வருகிறது. அது நடக்கக்கூடியது, அதனாலேயே கை ஓடவில்லை.

எனக்கு மிஞ்சியது ஒரு காட்சி. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மாணிக்கம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்:

"நீ சொன்னதுக்கு ஜட்ஜி என்னா சொன்னாரு?"

பெரியண்ணன் குடித்து முடிக்கவே இல்லை. சொம்பு வாயிலேயே இருக்கிறது. அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுத என்னால் ஆகாது. ரயிலில் பாடம் பண்ணியதன் கடைசி வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்க இதுவரை ஆளில்லை. நீங்கள் இருக்கிறீர்கள், கேட்டுவிட்டு அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

"பெர்மனன்ட் ஆளுங்க போற கேட்டு வழியா, ஒரு நாளு நானும் டூட்டிக்குப் போவணுங்க. அவ்ளோதாங்க."