வீட்டுச் சொக்கு

பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி ஓட்டும் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இடமிருந்தும் உட்காரவில்லை. அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டை வலிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை, போன வாரம் அவளைத் தையல் மெஷின் மேலேயே சாய்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படமெடுத்த டாக்டரம்மா, "வீட்டுல வேற யாருக்காவது மயக்கம் வருமா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பொய்யில்லை. அவர்கள் வீட்டில் யாரும் மயங்கி விழுந்ததே கிடையாது, சொக்கித்தான் விழுவார்கள். அப்பா சொக்குவார், அத்தை சொக்குவாள், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மூக்கும் முழியும் போல அதுவும் குடும்பச் சொத்து. கேலி செய்து சிரிக்க வேறு வசதியாக இருந்தது. அப்பா ஒருநாள் சொக்கி எழவேயில்லை. வயதாகிவிட்டது என்று அதற்கும் ஒரு பேர் வைத்து முடித்துவிட்டார்கள்.

அது இதயத் துடிப்பு தாளம் தப்புகிற நோய், வழிவழியாக வருவது என்று டாக்டரம்மா புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "இவ்ளோ வயசு தாண்டிட்டோம், இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்கம்மா. வயசாக ஆக மாத்திரை கூடும், உடம்புல சத்து குறையும். ஒத்துக்காத மாத்திரை ஒண்ணு போதும், துடிப்பே நின்னுடும். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

கூடப் பிறந்தவன் இதோ, பஸ் நிறைய ஜனத்தோடு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறான்.

"வந்து ஒரு படம் எடுத்துக்கடா."

"வண்டி ஓட்டும்போது பேசாதக்கா. போர்டு மாட்டியிருக்கு பாரு."

"என் பேச்சு என்னைக்குடா உன் காதுல ஏறியிருக்கு!"

"படம் எடுத்தா வண்டியப் பிடுங்கிடுவாங்க. இன்னும் கொஞ்ச மாசம்தான், ரிட்டயராயிடுறேன்."

மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பஸ் ஓடுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் அவன் முன்னால் போய் நின்றாள்.

"கடைசியா எப்படா சொக்குச்சு?"

அவன் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "முந்தாநாள். சிக்னல்ல. பின்னாடி ஹார்ன் அடிச்சாங்க, முழிச்சிட்டேன்."

"இது அப்பா நமக்குக் குடுத்ததுடா. உன்னோட நிக்காது," என்றாள்.

துடைத்த கை நின்றது.

"அப்ப என் பொண்ணு?" என்றான். "வயித்துல பிள்ளையோட மாடிப்படியில சொக்கி உக்காந்துட்டாளாம்க்கா. அப்படியே என்ன உரிச்சு வச்சிருக்கான்னு டிப்போ பூரா சொல்லிச் சிரிச்சேன்."

அடுத்த டிரிப்புக்கு வந்த ஜனம் வெளியே கதவைத் தட்டியது. அவன் திறக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.