தெரிந்தவர் ஒருவருக்காக

அந்த அறையில் யாரும் தமக்காகக் கேள்வி கேட்பதில்லை. இப்படியொரு விதியை எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு வந்த ஒருவரும் அதை மீறியதில்லை. எல்லாரும் தெரிந்தவர் ஒருவருக்காகவே வந்தார்கள். மேசைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே தடுப்பில்லை. ஒருவர் கேட்பது அத்தனை பேர் காதிலும் விழும். ஆகவே அந்தத் தெரிந்தவர் எல்லாருக்கும் தேவைப்பட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அவளுக்கு இந்த நாகரிகத்தின் மேல் பெரும் நன்றி இருந்தது. சென்ற வாரம் முதன்முதலாக வந்து, "என் தோழி ஒருத்தி..." என்று தொடங்கியபோதே இருமல் வந்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசைக்காரர் சுவரில் இல்லாத கடிகாரத்தில் மணி பார்த்தார். வக்கீலம்மா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி, "உங்க தோழிக்கு அவசரம் இல்லையே? மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

அவள் கணவன் கையை ஓங்குகிறவன் அல்லன், சொல்லை ஓங்குகிறவன். "வாசலைத் தாண்டித்தான் பாரேன். பிள்ளையை விட்டுட்டு ஓடினவள்னு கோர்ட்டே முத்திரை குத்திடும். அப்புறம் பாப்பாவை நீ போட்டோவுலதான் பார்க்கணும்." இது உண்மையா என்பது ஒன்றே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயத்தில், நாலு வயது மகளைப் பன்னிரண்டு வயதுப் பையனாக்கிவிட்டாள். வக்கீலம்மாவும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குரிய பதிலையே சொன்னார்: "அந்த வயசுன்னா நீதிபதி பையன்கிட்டயே கேட்பாங்க. அம்மாகூட இருக்கேன்னு அவன் சொன்னாலே பாதிக் கவலை தீர்ந்துடும்."

பாப்பாவிடம் யார் என்ன கேட்டாலும் "பிஸ்கட்" என்பாள். அந்தப் பதிலோடு வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதாள்.

அழுத முகத்தைக் கண்டுபிடித்தவள் நாத்தனார். அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள்; தெருமுனையில் அழகு நிலையம் நடத்துகிறவள்; கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஏன் அண்ணி, உங்க கடைக்கு வர்றவன் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணைக் காட்டி, எனக்குக் கண்ணாடி போட்டுக் குடுங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"திருப்பி அனுப்பிடுவேன்."

"நீங்க மட்டும் ஊரான் பெத்த பையனுக்கு யோசனை கேட்டுட்டு வந்து, இங்க உக்காந்து அழுவீங்களாக்கும்? அடுத்த வாரம் நானும் வர்றேன்."

வந்தாள். கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிரான காரியத்துக்கு வந்தவள், அலுவலகத் தோழியைக் கடைக்கு அழைத்துப்போகிற இயல்போடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஒன்றுக்கே தான் நாத்தனாருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர்களுக்கு முன்னால் ஒரு டாக்சிக்காரர். "எங்க ஸ்டாண்டுல ஒருத்தரும்மா. ரெண்டு பேரும் சம்மதிச்சே பிரிஞ்சா, சண்டையில்லாம முடியுமா?"

"முடியும். பிள்ளைங்க யார்கிட்ட, வீடு யாருக்கு, செலவுக்கு என்ன வழின்னு முதல்லயே பேசி முடிச்சுக்கச் சொல்லுங்க."

"சொல்லிடறேம்மா. இன்னிக்காவது அவரு தூங்குவாரு" என்று சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

அவள் முறை வந்தது. வக்கீலம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. "உங்க தோழியோட பையன் எப்படி இருக்கான்?"

"அது வந்து... பொண்ணு."

அறையே அண்ணாந்து கூரையைப் பார்த்தது.

"வயசு?"

"நாலு."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க மளமளன்னு வளர்ந்துடுதுங்கன்னு எல்லாரும் குறைப்படறாங்க" என்றார் வக்கீலம்மா, முகத்தில் ஒரு கோடும் அசையாமல். "உங்க தோழிக்கு அந்தக் குறை இல்லை." நாத்தனார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்போ கேட்டுக்குங்க. வீட்டை விட்டு வந்த ஒரே காரணத்துக்காகத் தாயோட உரிமை போயிடாது. அப்படிச் சொன்னவர் பயமுறுத்தியிருக்கார். பாப்பாவையும் கூட்டிட்டு வந்து, தாமதிக்காம மனு போடணும். பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் கோர்ட் பார்க்கும். யார் குளிப்பாட்டறாங்க, காய்ச்சல்னா யார் முழிச்சிருக்காங்க, இதெல்லாம்."

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கத் தொடங்கியது. அப்போது அந்த 'ஆனா' வந்தது.

"ஆனா, கணவர் அத்தனையும் மறுப்பார். வீட்டுக்குள்ள நடக்கிறதைக் கண்ணால பார்த்தவங்க யாராவது வந்து சொன்னா பெரிய பலம். உங்க தோழிக்கு அப்படி யாராவது உண்டா?"

உண்டு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவள் வாய் திறந்த அன்றே அண்ணன் வீட்டு மாடி அவளுக்கு இல்லை. உதவிக்கு வந்தவளின் கூரையைப் பிடுங்கித் தன் மகளைக் காப்பாற்றிக்கொள்வதா?

"இல்லைங்க" என்றாள் அவள். "பார்த்தவங்க எல்லாம் கணவர் வீட்டாளுங்க. அவங்களைக் கேட்கிறது நியாயமில்லைன்னு என் தோழி..."

நாற்காலி கிரீச்சிட்டது. நாத்தனார் எழுந்து நின்றாள்.

"தோழியும் இல்லை, கீழியும் இல்லைம்மா. இவங்க எங்க அண்ணி. அந்த ஆளு எங்கூடப் பொறந்த அண்ணன்."

இம்முறை அத்தனை தலைகளும் திரும்பின. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் புருஷன் வீட்டை விட்டு ஒத்தைப் பெட்டியோட வந்து நின்னப்ப, அண்ணன் யோசிச்சான். இவங்க ஏன்னு ஒரு வார்த்தை கேட்காம மாடிக் கதவைத் திறந்துவிட்டாங்க. அந்த மாடி போனா போகட்டும், வேற பார்த்துக்கலாம். பாப்பாவுக்கு எல்லாம் செய்யறது இவங்கதான். தினமும் பார்க்கிறவ நான். எங்க வந்து, யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் சொல்லுங்கம்மா. தெரிஞ்சவங்களுக்காக இல்லை, எங்களுக்காகத்தான் கேட்கிறேன்."