ஸ்லாவி கண்ட ஈ எச்சம்

செப்டம்பர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் குடைமிளகாய் சுடுவார்கள். பக்கத்து வீட்டு ஸ்லாவி மட்டும் ராட்காவுக்காக நான்கு இரவுகள் அடுப்பு மூட்டவில்லை, முற்றத்து விளக்கையும் போடவில்லை. ராட்கா பேருந்து ஓட்டுபவள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, தொலைதூர விண்மீன் திரள்களைப் படம் பிடிப்பது அவளுடைய பைத்தியம்; புகையும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. நன்றிக்காக, எடுத்த அறுபது படங்களில் ஒன்றை அச்செடுத்து ஸ்லாவிக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

"ஏம்மா ராட்கா, நாலு நாள் இருட்டுல முட்டிக்கிட்டதுக்கு இதானா கூலி? ஓரத்துல ஈ எச்சம் போட்டிருக்கு பாரு."

"கேமராவுல தூசிண்ணே. வானியல் சங்கத்துக்கு அனுப்பப்போற படத்துல அதை அழிச்சிட்டேன்."

"அவங்களுக்குச் சுத்தம், எனக்கு அழுக்கா?"

ராட்கா சிரித்தாள். காப்பி ஊற்றும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியை ஒரு மயிரிழை நகர்த்துவது அவள் வழக்கம். அப்போது படத்தில் வானம் நகரும், கேமராவில் ஒட்டிய தூசி இருந்த இடத்திலேயே இருக்கும். அறுபதையும் திறந்து பார்த்தாள். புள்ளி விண்மீன் திரளோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. போன வருடப் படத்தில் அது இல்லை. எங்கோ ஒரு விண்மீன் வெடித்திருக்கிறது, அதைச் சுத்தம் சுத்தமென்று தன் கையாலேயே அழித்திருக்கிறாள்!

வேறு யாராவது முந்திவிட்டால் எல்லாம் போச்சு. வானியல் சங்கத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் சங்கத்தில் சேர்ந்த அன்றே, "பஸ் ஓட்டுறவங்களுக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்ட புண்ணியவான் அவர்.

"தூசியா இருக்கும்மா."

"தூசி வானத்தோட சேர்ந்து நகராதுங்க."

தலைவர் புதிய விண்மீன் வெடிப்புகளின் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு, "யாரும் இன்னும் சொல்லலை. உடனே உங்க பேர்ல அனுப்புங்க" என்றார். குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது.

மூன்றாம் நாள் பெரிய ஆய்வகம் ஒன்று உறுதிசெய்தது. கண்டுபிடித்தவர்: ராட்கா பென்கோவா. அன்று முழுக்க ராட்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்லாவியோ, "கண்டது நான், பேரு அவளுக்கு" என்று தெருவெல்லாம் அலுத்துக்கொண்டே பெருமையடித்தார்.

பேருந்தில் மற்ற ஓட்டுநர்கள் மாதா படம் மாட்டும் இடத்தில் ராட்கா அந்த அழுக்குப் படத்தை மாட்டினாள். சந்தைக்குப் போகும் அம்மாள் ஒருத்தி, ஐயோ பாவமென்று, கைக்குட்டையை எச்சிலில் நனைத்துப் புள்ளியைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காதீங்கம்மா," என்றாள் ராட்கா. "அது என்னோடது."