கார்டுக்கு வைத்த பொட்டு

விசிறி சுற்றியது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. திரை மட்டும் அடுப்புக்கரியாகக் கிடந்தது. அனுப்பிரியா பட்டனை அமுக்கி அணைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் விசிறி, மறுபடியும் கரி. பூஜை மாடத்திலிருந்து சந்தன வாசம் வேறு வந்துகொண்டிருந்தது.

சென்னையில் ஒரு கட்டட டிசைன் கம்பெனி ஒரு வீட்டின் பிளானைக் கொடுத்து, அதை நிஜ வீடு போலப் படமாக்கி அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே வேலை. இன்று சாயங்காலம் ஆறு மணி கெடு. சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று சிதம்பரத்தில் ஒரு மாடிவீட்டுக்குள்ளேயே காலம் போய்விட்டவளுக்கு, இப்படி யாரும் கூப்பிட்டு வேலை கொடுத்துப் பார்த்ததில்லை. வீட்டை அவள் கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டாள். வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடிகூட வைத்தாயிற்று. கடைசியாகப் படமெடுக்கும்போதுதான் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறித் திணறி நின்றது.

"புதுசு வாங்கிடுவோம் அனு. இதுல போயி கஞ்சத்தனம் பாக்கக் கூடாது" என்றான் புருஷன் அருள்முருகன். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், கடலூரில் சிஸ்டம் கடை வைத்திருக்கும் நண்பன் ராபர்ட்டிடம் வாங்கி வந்தான். இன்று காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவனே மாட்டியும் வைத்துவிட்டான். அப்படிப்பட்ட மனுஷன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வீடியோ காலில் ராபர்ட் வந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தான்.

"மானிட்டர் ஒயர புது கார்டுலதான மச்சான் சொருவுன? போர்டுல இல்லியே?"

"கார்டுலதான்டா."

"கார்டுக்குத் தனியா கரண்டு ஒயரு?"

அதுவும் சரியாகத்தான் இருந்தது. ராபர்ட் சொல்லச் சொல்ல அவள் ரேமைக் கழற்றினாள். மகளின் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். புது கார்டை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாள். திணறினாலும் நேற்றுவரை படம் காட்டிய கார்டு. அதுவும் இப்போது ஒன்றும் காட்டவில்லை. அருள்முருகன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"கார்டு சொருவுற பள்ளத்துல டார்ச் அடிச்சுக் காட்டும்மா" என்றான் ராபர்ட்.

காட்டினாள். பள்ளத்துக்குள் நீளவாக்கில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நடுவே சிவப்பு. வாசம் பூஜை மாடத்திலிருந்து வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"என்னாடா அது?"

"பொட்டு வச்சன்டா" என்றான் அருள்முருகன்.

பைக்குக்கு வைத்தான், பிரிட்ஜுக்கு வைத்தான், மிக்ஸிக்கும் வைத்தான். வீட்டுக்குள் வந்த எதுவும் வெறும் நெற்றியோடு ஓடத் தொடங்கியதில்லை. இந்தக் கார்டில்தான் நெற்றி எதுவென்று தெரியவில்லை. ஒரு பக்கம் விசிறி, மறுபக்கம் முள்முள்ளாக ஈயம். கீழ்விளிம்பில் மட்டும் தங்க நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. மங்களகரமாகத்தான் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதில் இழுத்து, விடியற்காலையில் தில்லைக்காளி கோயிலுக்குப் போய் வாங்கி வந்த குங்குமத்தை நடுவில் வைத்தான்.

"ஈரத்துணியால தொடச்சிட்டுத்தான்டா மாட்டுனேன்."

ராபர்ட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அனுப்பிரியாவுக்குத் தோன்றியது.

"அந்தத் தங்கப் பட்ட வழியாத்தான்டா கரண்டே போவும். ஈரத்தோட குடுத்துட்ட. மதர்போர்டே போயிருக்கும் மச்சான்." பிறகு குரலைத் தணித்து, "ஹார்டு டிஸ்குக்கு ஒண்ணும் ஆயிருக்காது. பயப்படாதம்மா" என்றான்.

"எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்துடுறேண்ணா. உங்க கடையில போட்டு ஓட்டலாமா?"

"கடையில இருக்கறது பில்லு போடுற சிஸ்டம்மா. இதத் தாங்காது. போர்டு வாங்கலாம்னாலும் நாளைக்குத்தான் கடை தொறப்பான்."

கம்பெனிக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பெண் எடுத்துப் பொறுமையாகக் கேட்டாள். "பரவால்ல மேடம், அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்" என்றாள். அந்தப் 'பரவால்ல'வின் இனிப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கொஞ்சம் கடிந்து பேசியிருந்தாலும் நம்பிக்கை இருந்திருக்கும்.

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் திரும்பினாள். அவன் சுவரோரம் நின்றிருந்தான். காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

"ஒனக்கு நல்லபடியாக் கெடைக்கணும்னுதான் அனு..."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் கத்தியிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். இதற்கு யாரைப் போய் என்ன சொல்வது?

"எனக்கும் அதே குங்குமத்ததான வச்சிவுட்டீங்க, காலையில?" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் கை நெற்றிவரை போனது; அழிக்கவில்லை, இறங்கிவிட்டது.

கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. கெடு முடிந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வராது என்று தெரிந்தே பட்டனை அமுக்கினாள். அருள்முருகன் பக்கத்தில் வந்து நின்றான். கறுப்புத் திரைக்கு எதிரே இருவரும் இருக்க, விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வீடு முழுக்கச் சந்தனம் மணத்தது.