காதில் விழாத பதில்

கணவரின் சட்டையின் மேல் பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் நின்ற, கணவரோடு வேலை பார்க்கும் பக்கத்து நாற்காலிக்காரர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி. டேப்ல எல்லாம் இருக்கு."

யார் கேட்டார்கள் இவரை? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

விமானங்களுக்கு வழி சொல்லும் விமான நிலையக் கோபுரத்தில் இருவருக்கும் பதினெட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. விமானிகளோடு பேசுவதெல்லாம் அங்கே டேப்பில் பதிவாகும். நாலு நாளைக்கு முன்பு கணவர் ஒரு விமானத்தை ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார். விமானி ஐயாயிரம் என்று திருப்பிச் சொன்னார். அந்தப் பிசகைப் பிடித்துத் திருத்துவதுதான் கணவரின் வேலை. திருத்தவில்லை. ஐயாயிரத்தில் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பியவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவரின் மூச்சுதான் இன்று காலை, பல் துலக்கும்போது நின்றுபோனது. நாளைக்கு விசாரணை.

மளிகைச் சாமான் சொன்னால்கூட அவளைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்கிற மனிதர். அந்தக் காது எப்படித் தவறும்? அதுவும் போக, இந்த நாலு நாளும் பக்கத்து நாற்காலிக்காரரின் போன் வந்தபோதெல்லாம் கணவர் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். கேட்டதற்கு, "விடும்மா, அவன் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார்.

"தம்பி, டேப்ல இல்லாதது என்ன?"

"என்ன கேக்கறீங்க அண்ணி?"

"விமானி பதில் சொன்னப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"புது மேனேஜரைப் பத்தி ஒரு ஜோக்கு. அண்ணனோட ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிட்டுச் சொன்னேன். சிரிச்சாரு அண்ணி."

நாலு நாளாகக் கணவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"இதை எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? வாசல்ல உங்க பெரிய அதிகாரி நிக்கறார்."

"வேலை போயிடும் அண்ணி."

"இவர் பேரு போகுதே தம்பி."

அவர் வெளியே போனார். அவள் ஜன்னலருகே வந்து நின்றாள். அதிகாரியைத் தாண்டி நேரே தன் வண்டிக்குத்தான் போனார். ஓடிவிடுவார் என்று அவள் நினைத்தது சரிதான். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். கிளப்பவில்லை. பிறகு இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

பேச்சு இங்கே கேட்கவில்லை. அதிகாரி டீ தம்ளரைக் காரின் மேல் வைத்துவிட்டுச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அவள் திரும்பி வந்து, விலகியிருந்த போர்வையை இழுத்துக் கணவரின் பாதங்களை மூடினாள்.