ராணிக்குப் பூசிய பவுண்டேசன்

மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கும் சாமத்தியவீட்டுக்கு எகிப்து அலங்காரம் என்று முடிவானதும் தவமணிக்கு உச்சி குளிர்ந்தது. பிக்கரிங் நகரத்து மச்சாள் தெய்வநாயகி தன் மகளை அன்னப்பட்சியில் கொண்டுவந்து இறக்கியவள். பிரமிட்டுக்கு முன்னால் அன்னம் வெறும் கோழிக்குஞ்சுதானே.

மகள் அட்சயா இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்திருந்தவள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். தீயே என்ற எகிப்திய அரசியாகத்தான் வருவாள். அரசியின் சிலைக்குப் படமும் அவளே கொடுப்பாள். தவமணி தலையாட்டிவிட்டாள். எந்த ராணி என்று யார் கேட்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை காலை அஜின்கோர்ட் மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் வினை தெரிந்தது. மணவறைக்குப் பக்கத்தில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியில் செதுக்கிச் சாயம் பூசிய ஆளுயரத் தலை ஒன்று நின்றது. நல்ல கறுப்பு. தவமணியின் நிறமேதான்.

"அல்பேட் தம்பி, உது ஆர்?"

"பிள்ளை அனுப்பின ராணி, அன்ரி. ஒரிஜினல் மரத்தில செய்தது," என்றான் அலங்காரக்காரன்.

"மரம் கறுப்பெண்டால் ராணியும் கறுப்போ? எகிப்துக்காரர் வெள்ளையல்லோ. படங்களில பாக்கிறனாங்கள்தானே."

தலைமுடி அலங்காரத்தில் இருந்த மகளுக்கு போன் போட்டாள்.

"அம்மா, ஈஜிப்ட் எங்க இருக்கு? ஆபிரிக்காவில. அவை ஆபிரிக்க சனம். வெள்ளையாக் காட்டினது படம் எடுத்தாக்கள். ப்ளீஸ், அவவில கை வைக்காதேங்கோ."

தவமணிக்கு ஆபிரிக்காவும் விளங்கியது, மச்சாளின் வாயும் விளங்கியது. தன் கலியாணத்தன்று அந்த வாய், "பொம்பிளை கொஞ்சம் கறுப்பு, பூசினால் சரி" என்று சபையில் சொன்னது. பூசினார்கள். கலியாண அல்பத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது ஆர் என்று அட்சயா சின்னதில் கேட்டிருக்கிறாள். அந்தச் சூடு மகளுக்கு விழக்கூடாது என்றுதான், அவளுடைய நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய பவுண்டேசன் முகப்பூச்சைப் போத்தல் போத்தலாக வாங்கி வைத்திருந்தாள். தன் முகத்துக்கு விடியவே பூசியாயிற்று.

அல்பேட் பிரமிட் இறக்கப் போன நேரம் போத்தல்களோடு கதிரையில் ஏறினாள். மூக்கிலிருந்து தொடங்கினாள். பெரிய தலை, பெரிய நெற்றி. ராணி வெளுத்து முடிந்தபோது கடைசிப் போத்தலும் காலி.

கொஞ்ச நேரத்தில் மேக்கப் போட வந்த ஸ்டெபனி கேட்டாள். "அன்ரி, நீங்கள் வாங்கிவைக்கிறன் எண்ட பவுண்டேசன் எங்க?"

தவமணி சிலையைத் திரும்பிப் பார்த்தாள். பூசுகிற கைக்கு, மகளுக்கு மிச்சம் வைக்கிற நினைப்பு வரவில்லை.

அப்படித்தான் அட்சயா கண்ணுக்கு மை மட்டும் தீட்டி, பொன் கிரீடத்தோடு, தன் சொந்த நிறத்தில் பல்லக்கில் வந்தாள். மச்சான்மார் வேட்டிக்கு மேல் தங்கக் கடதாசி சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். மண்டபம் எழுந்து நின்று பார்த்தது. சிலைக்கு முன்னால் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இவவுக்கும் பூசிட்டீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள். தவமணி அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"மணவறையில இரு பிள்ளை. சனம் பாக்குது."

"அழிச்சால்தான் இருப்பன்."

சிலையைத் துடைப்பதா, மகளில்லாத மணவறையை மச்சாளுக்குக் காட்டுவதா? தவமணி யாரோ ஒரு குழந்தையின் பையிலிருந்து ஈரத்துடைப்பான் பெட்டியை எடுத்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினாள்.

வீடியோக்காரன் பிரவீனன் எத்தனையோ சடங்கு கண்டவன். இதுவும் ஒன்று என்று எண்ணி மைக்கைப் பிடித்தான்.

"அடுத்த சோடி வாங்கோ. ஒருக்காத் துடைச்சுப்போட்டு கமராவைப் பாருங்கோ."

வரிசையைக் கண்டால் ஏனென்று கேட்கிற வழக்கம் நம் சனத்துக்கு ஏது? ஆலாத்தி எடுக்க வருவதுபோல் சோடி சோடியாக வந்து துடைத்தார்கள். தெய்வநாயகியும் வந்தாள்.

"எகிப்துச் சடங்கோ, தவம்?"

"ஓம் மச்சாள். நெத்தியை வடிவாத் துடையுங்கோ."

தெய்வநாயகி துடைத்தாள். ராணியின் கறுப்பு மெல்ல வெளியே வந்தது. சிலையைப் பார்த்தாள், அட்சயாவைப் பார்த்தாள்.

"அச்சொட்டா உன்ர பிள்ளை மாதிரியெல்லோ இருக்கிறா," என்றாள். குரலில் குத்தல் இல்லை. தவமணி எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

அட்சயா மணவறையில் ஏறி இருந்தாள்.

"தாயும் பக்கத்தில நில்லுங்கோ," என்றான் பிரவீனன்.

தவமணி போய் நின்றாள். மகள் பெட்டியில் மிஞ்சியிருந்த துடைப்பானை இழுத்து அவளிடம் நீட்டினாள். முழு மண்டபமும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது. தவமணி அதை வாங்கி விரித்தாள். பிறகு தன் மூக்கிலிருந்து தொடங்கினாள்.