கூலிட்ஜ் கொடுத்த சீட்டு

கால்வின் கூலிட்ஜ் என்ற அமெரிக்க அதிபரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும் என்று பெரம்பலூரில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஆறு வருடம் உட்கார்ந்து உண்ணாமலை எழுதி முடித்தாள். நூறு வருடத்துக்கு முன் ஆண்ட அந்த மனிதர் வரியைக் குறைத்தார், அரசாங்கச் செலவைக் குறைத்தார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சைக் குறைத்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டு வாரம் நான்கு ஆசிரியர் கூட்டங்களில் உட்கார்ந்தவளுக்கு அந்த மூன்றாவது குணத்தின் மேல்தான் மயக்கம்.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். வாசல் பேனரில் வாசகர் வட்டத்தின் நிரந்தரத் தலைவரும் உரக்கடை முதலாளியுமான சிங்காரவேலு ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கூலிட்ஜ் மூலையில் ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு இருந்தார். அதற்கும் கீழே உண்ணாமலையின் பெயர்.

அது அவளுக்குப் பொருட்டில்லை. அவள் கேட்டது ஏற்புரைக்குப் பத்து நிமிடம் மட்டும்தான். அம்மா வீராயி விக்கிரமங்கலத்திலிருந்து வேன் பிடித்து, உறவுக்காரர்கள் இருபது பேரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீராயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் இத்தனை வருடம் என்னதான் எழுதினாள் என்பதைக் காதால் கேட்டால்தான் உண்டு. “யாருடி அந்தத் தொரை, ஒன் வூட்டுல ஆறு வருசமா குந்தியிருக்கான்?” என்று வேனிலிருந்து இறங்கும்போதே கேட்டாள். மேடையில் சொல்வதாக மகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். அடுத்து ஒரு வளைகாப்பு. ஏழு பேர் ஆளுக்குக் கால் மணி நேரம் மௌனத்தின் பெருமையைப் பேசினார்கள். எட்டாவதாகச் சிங்காரவேலு எழுந்தபோது மணி பன்னிரண்டு. மேடையிலும் முன்வரிசையிலும் இருந்தவர்களைப் பட்டத்தோடு, ‘அவர்களே’ போட்டு விளித்து முடிக்கவே பதினைந்து நிமிடம் ஆனது. கூலிட்ஜைப் பற்றி ஒரு வரி சொன்னார்: அவரும் தன்னைப் போலவே ஒரு தலைவர். பிறகு தன் வாழ்க்கை வரலாற்றுக்குப் போய்விட்டார். பன்னிரண்டே முக்காலுக்கு அவருக்குப் பத்தொன்பது வயதுதான் ஆகியிருந்தது.

வட்டத்தின் செயலாளர் முத்தமிழ் மூன்று முறை சீட்டு வைத்துப் பார்த்தான். ‘ஐயா, நேரம்’ என்று தொடங்கும் சீட்டு எதுவானாலும் சிங்காரவேலு மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ‘பெருமதிப்பிற்குரிய’ என்று தொடங்கினால் மட்டும் கதை வேறு. அது விளிக்க விட்டுப்போன பெயர். பேச்சை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அதை முழுதாகப் படித்துவிடுவார். ஒருமுறை பெயர் விட்டுப்போன மண்டப முதலாளி கோபித்துக்கொண்டதில் இரண்டு வருடம் கூட்டம் போட மண்டபம் கிடைக்காமல் அலைந்தவர் அவர்.

வாசலில் வாழைமரத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். புளிசாத வாசனை படியேறி வந்தது. வீராயி மகளைப் பார்த்துக் கையை விரித்தாள்.

முத்தமிழ் குனிந்து காதில் சொன்னான். “டீச்சர், நன்றி மட்டும் சொல்லிருங்க. ஐயா இப்பதான் மிலிட்டரிக்கு ஆள் எடுக்குற லைன்ல நிக்கிறாரு. அதுல சேந்தாரா இல்லியான்னு தெரியவே ஒரு மணி ஆயிடும்.”

உண்ணாமலை மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கூலிட்ஜாக இருந்தால் என்ன செய்திருப்பார்? அவளுக்கு நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. முத்தமிழிடம் ஒரு சீட்டு வாங்கினாள், நாலு வரி எழுதினாள், எழுந்து போய்த் தானே வைத்துவிட்டு வந்தாள்.

சிங்காரவேலு முதல் சொல்லைப் பார்த்தார். மைக்கை இழுத்தார். குரல் தானாக உயர்ந்தது.

“பெருமதிப்பிற்குரிய அவையோரே! இத்துடன் என் உரையை நிறைவு செய்து அமர்கிறேன். இனி இந்நூலின் ஆசிரியர் உண்ணாமலை பேசுவார். அவர் முடிக்கும் வரை யாரும் குறுக்கிட வேண்டாம்.”

படித்து முடித்துவிட்டுத்தான் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டு வருடத் தலைமையில் அவர் கேட்டிராத கைதட்டல். வாழைமரத்தைச் சாத்திவிட்டு வளைகாப்புக்காரர்களும் தட்டினார்கள். சிங்காரவேலு கண் கலங்க, இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு உட்கார்ந்தார்.

எட்டு நிமிடம் மிச்சமிருந்தது. உண்ணாமலையும் லேசுப்பட்டவள் இல்லை. பத்து நிமிடத்துக்கென்று முப்பத்தெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதைப் பையிலேயே விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துப் பேசினாள். மலைக் கிராமத்துக் கடைக்காரர் மகன் அவர் என்றாள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெற்ற தகப்பனே அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த கதையைச் சொன்னாள். கடைசியாக 1927க்கு வந்தாள். அடுத்த தேர்தலிலும் நில்லுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர் பத்திரிகைக்காரர்களை வரிசையாக வரச்சொல்லி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். நிற்க விரும்பவில்லை என்று ஒரே வரி. வேறு ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

“ஒரு நாட்டையே ஆண்ட ஆளும்மா. போதும்னு சொல்ல அவருக்கு ஒரு சீட்டு போதுமா இருந்திச்சு. மிச்சம் புத்தகத்துல இருக்கு.”

உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையிலிருந்து வீராயியின் குரல் கேட்டது.

“நம்மூர்ல பொறந்திருந்தா அந்தாள மேடையிலயே ஏத்தியிருக்க மாட்டானுவ.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேசை மேல் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு வரிசை படிவரைக்கும் போனது. மிச்சமிருந்த முப்பதையும் தாம்பூலப் பையில் போட வளைகாப்புக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வீராயி தன் பிரதியைத் தலைகீழாகப் பிடித்து, அட்டையில் இருந்த கூலிட்ஜை உறவுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

கும்பலை விலக்கிக்கொண்டு சிங்காரவேலு வந்தார். அந்தச் சீட்டு அவர் கையிலேயே இருந்தது. உண்ணாமலை மன்னிப்புக் கேட்கத் தயாராக எழுந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், இந்த முடிவுரை நல்லா எடுபட்டுச்சு. அடுத்த மாசம் அரியலூர்ல பேசறேன். அதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க.”

“எழுதித் தரேங்கய்யா,” என்றாள் உண்ணாமலை. “ஆனா ஆரம்பத்துலயே படிச்சிரணும்.”